எஸ்யு5 புரிந்தால் இடஒதுக்கீடும் புரியும்

2024 செப்டம்பர் 2. பாரிஸ் பாராலிம்பிக்கில் பெண்கள் பாட்மின்டன் ஒற்றையர், எஸ்யு5 பிரிவின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் யாங் சியூஷியா. மறுபக்கம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன். அப்போது அவர் நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவி. 17-21, 10-21 என்று ஆட்டம் சீனாவின் பக்கம் போனது. துளசிமதிக்கு வெள்ளி.

அதே நாளில் அதே பிரிவில் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ் வெண்கலம் வென்றார். உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சுமதி சிவன் இன்னொரு வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் பாட்மின்டனில் இந்தியப் பெண்கள் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள். அடுத்த நாள் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். பாரிஸில் இந்தியா வென்ற 29 பதக்கங்களில் நான்கு இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தன. வெள்ளிக்கு 2 கோடி ரூபாய், வெண்கலத்துக்குத் தலா 1 கோடி ரூபாய் என்று தமிழக அரசு பரிசு வழங்கியது. அந்த மூன்று பெண்களுக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இந்தச் செய்தியை எல்லாப் பக்கங்களும் எழுதிவிட்டன. தலித் பிரச்சினைகளைப் பேசும் இந்தப் பத்தியில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த வீராங்கனைகள் எந்தச் சாதி என்று சொல்லப் போகிறோமா? இல்லை. அந்தத் தேடலை இந்தப் பத்தி செய்யாது. நாம் பேச வேண்டியது 'எஸ்யு5' என்ற அந்த மூன்று எழுத்து எண்ணைப் பற்றி. கல்லூரி வகுப்பறையில் "கோட்டாவில் வந்தவள்" என்று குத்திக்காட்டப்படும் ஒவ்வொரு மாணவியும், அப்படிக் குத்திக்காட்டும் ஒவ்வொரு மாணவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதி ஆடுகளம், முழுப் பதக்கம்

பாரா பாட்மின்டனில் ஆறு பிரிவுகள் உண்டு. டபிள்யூஎச்1, டபிள்யூஎச்2 இரண்டும் சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கு. எஸ்எல்3, எஸ்எல்4 இரண்டும் நின்று ஆடக்கூடிய, காலில் பாதிப்பு உள்ளவர்களுக்கு. எஸ்யு5 கையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு. எஸ்எச்6 உயரம் குறைந்தவர்களுக்கு.

பிரிவுக்குப் பிரிவு விதியும் மாறும். சக்கர நாற்காலிப் பிரிவுகளிலும் எஸ்எல்3 பிரிவிலும் ஒற்றையர் ஆட்டம் பாதி ஆடுகளத்தில்தான் நடக்கும். காலில் கடுமையான பாதிப்பு உள்ளவரை முழு ஆடுகளத்திலும் ஓடவிட்டால், அங்கே திறமை தெரியாது. எந்தக் கால் எவ்வளவு ஓடும் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் அகலத்தைப் பாதியாக்கி, வலையின் உயரத்தை அப்படியே வைத்து, பந்தை அப்படியே வைத்து, 21 புள்ளியையும் அப்படியே வைத்தார்கள். எஸ்யு5 பிரிவுக்கோ முழு ஆடுகளம். அங்கே எதிரில் நிற்பவருக்கும் கையில்தான் பாதிப்பு.

ஒரு கையில் பாதிப்பு இருந்தால் என்ன, மறு கையால் ஆடலாமே என்று தோன்றும். ஷட்டில் ஆடியவர்களுக்கு விஷயம் தெரியும். மட்டை பிடிக்காத கைக்கும் வேலை உண்டு. சர்வீஸ் போடும்போது பந்தைப் பிடிப்பது அந்தக் கை. எகிறி அடிக்கும்போது உடம்பைத் திருப்பிவிட்டு, சாயாமல் நிறுத்துவதும் அந்தக் கைதான். துளசிமதிக்கு இடது கையில் பிறவியிலேயே பாதிப்பு. அவருடைய தந்தை முருகேசன்தான் முதல் பயிற்சியாளர். பாரிஸுக்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் அவர் இதே யாங் சியூஷியாவை வென்று தங்கம் பெற்றிருந்தார். கல்லூரிப் படிப்பும் பயிற்சியும் ஒன்றாக ஓடிய காலம் அது.

இப்போது ஒரு கேள்வி. பாதி ஆடுகளத்தில் ஆடி வாங்கிய பதக்கத்தை யாராவது பாதிப் பதக்கம் என்று சொல்லியிருக்கிறார்களா? "தகுதி இருந்தால் பி.வி.சிந்துவோடு ஆடி ஜெயித்துக் காட்டட்டும்" என்று யாராவது துளசிமதியிடம் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டால் கேட்டவரைத்தான் ஊர் திட்டும். தடை வேறு, திறமை வேறு என்பது விளையாட்டு அரங்கில் எல்லோருக்கும் புரிகிறது. அதே ஆட்கள் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலைப் பார்க்கும்போது மட்டும் அந்தப் புரிதல் எங்கே போகிறது?

பிரிவு கிடைத்தால் பதக்கம் கிடைத்துவிடுமா?

இடஒதுக்கீட்டைப் பற்றி ஊரில் உலவும் பெரிய பொய், "அவங்களுக்கு என்ன, சும்மா கிடைச்சிடும்" என்பது. பாரிஸ் அரையிறுதியைப் பாருங்கள். எஸ்யு5 பிரிவில் துளசிமதிக்கு எதிரே நின்றவர் நம் மனிஷா. மனிஷா 2022ஆம் ஆண்டின் உலக சாம்பியன். முதல் செட் 23-21 வரை இழுத்தது. இரண்டாவது 21-17. துளசிமதி வென்றார். பிரிவு அவர்களைக் களத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த 23வது புள்ளியை அவரேதான் எடுக்க வேண்டியிருந்தது.

இடஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவிக்கும் இதேதான் நடக்கிறது. சேர்க்கையின்போது அவருக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. சேர்ந்த பிறகு அவருக்கென்று தனி வினாத்தாள் கிடையாது. கால்நடை மருத்துவத்தில் உடற்கூறியல் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். பட்டம் வாங்கியவர் மாட்டுக்கு ஊசி போட வரும்போது, மாடு அவருடைய சாதிச் சான்றிதழைக் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம். பாரா விளையாட்டில் யாரும் வாய்க்கு வந்தபடி பிரிவு எடுத்துக்கொள்ள முடியாது. பயிற்சி பெற்ற வகைப்பாட்டுக் குழு ஒன்று வீரரைச் சோதிக்கிறது. எந்த மூட்டு எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு, ஆடும்போது என்ன முடிகிறது என்று அளந்து பார்த்துத்தான் பிரிவு தருகிறது. அளவு தப்பென்றால் ஆட்சேபணை செய்யலாம். மறுபரிசோதனை உண்டு. டோக்கியோ பாராலிம்பிக்கில் வட்டெறிதலில் வெண்கலம் வென்ற இந்திய வீரர் வினோத் குமார், அந்தப் பிரிவுக்குத் தகுதியில்லை என்று மறுஆய்வில் முடிவானதும் பதக்கத்தை இழந்தார். மாரியப்பன் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது அந்தப் போட்டியின் பெயர் டி42. இன்று அவர் தாண்டுவது டி63 போட்டியில். விதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊர் நம்மை வகைப்படுத்திய விதம் வேறு. அங்கே யாரும் அளக்கவில்லை. பிறந்த வீட்டைப் பார்த்தே முடிவு செய்தார்கள். ஆட்சேபணைக்கு இடமில்லை, மறுஆய்வும் இல்லை. அந்தப் பழைய வகைப்பாடு போட்ட தடையை ஓரளவு ஈடுகட்டத்தான் சட்டம் ஒரு புதிய வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. அதில் மட்டும் அநியாயத்தைக் காண்பவர்கள், முதலாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. சண்டிகரில் அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாற்றுத்திறனாளி மாணவரின் வழக்கு, ஆர்யன் ராஜ் வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் 35 சதவீதம் என்றால், தனக்கு மட்டும் ஏன் 40 என்பது அவர் கேள்வி. மாற்றுத்திறனாளிகளும் சமூகத்தில் பின்தங்க வைக்கப்பட்டவர்களே. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குத் தரும் தளர்வு அவர்களுக்கும் பொருந்தும் என்று 2020 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. தலித் மக்கள் போராடிப் பெற்ற அளவுகோலே மாற்றுத்திறனாளி மாணவருக்கும் துணைக்கு வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு தடையும் ஒரே உடம்பில்

தலித்தாகவும் மாற்றுத்திறனாளியாகவும் ஒரே நேரத்தில் இருப்பவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். தலித் இயக்க மேடையில் சக்கர நாற்காலி ஏற வழி இருப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் கூட்டத்தில் சேரியின் பெயரைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

ஆனால் கணக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரிடம் மட்டும் பார்த்தால் அது 2.45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களிடம் 2.18 சதவீதம். இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. செங்கல் சூளை, கல்குவாரி, சாக்கடை, கரும்புத் தோட்டம் என்று உடம்பை உடைக்கும் வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிக்குச் சத்துணவு, பிரசவத்துக்கு நேரத்தில் வாகனம், விபத்துக்குப் பிறகு சரியான சிகிச்சை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தசைப் பயிற்சி ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் சாதாரணக் காயம் வாழ்நாள் பாதிப்பாகிவிடும்.

ஏழைக் குடும்பத்தில் ஒரு விபத்து என்ன செய்யும் என்பதற்கு மாரியப்பனின் கதையே போதும். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த தாய் சரோஜா, சிகிச்சைக்காக 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். மகன் வளர்ந்து, சேலத்தில் பி.பி.ஏ. படித்து, பாராலிம்பிக்குக்குப் போன பிறகும் அந்தக் கடன் தீராமல் இருந்தது.

விபத்தும் வறுமையும் மட்டும் காரணமில்லை. சாதியே கை கால்களை எடுக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் பிளஸ் டூ மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். கையில் படுகாயம். மறுஆண்டு அவர் உதவியாளரைக் கொண்டு பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவரை வழிமறித்து இறக்கி, கைவிரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் அவருடைய அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

கபடியில் ஜெயித்ததற்கு விரல் போகிறது என்றால், விளையாட்டு நமக்கு வெறும் பொழுதுபோக்கில்லை. யார் களத்தில் நிற்கலாம், யார் ஜெயிக்கலாம் என்ற சண்டை அது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தது. பள்ளிகளில் சாதியை எப்படி ஒழிப்பது என்பதுதான் அதன் பொருள். விளையாட்டு மைதானமும் பள்ளியின் ஒரு பகுதிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாதிப்புகள் ஒன்றோடொன்று சேரும்போது அவை கூட்டல் கணக்காக இருப்பதில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் பாதிக்கப்பட்ட பட்டான் ஜமால் வலி வழக்கில், 2021 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், பாலினம், சாதி, உடல் பாதிப்பு மூன்றும் ஒருவர் மீது ஒருசேர அழுத்துவதை நீதிமன்றம் விரிவாக எடுத்துச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குச் சான்று போதவில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. மூன்றும் பின்னிக் கிடக்கும்போது ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டு என்று கேட்டால் எப்படிக் காட்டுவது? நம் பெண்கள் காவல் நிலையத்தில் அனுபவிக்கும் சிக்கலே இதுதான்.

குடியிருப்பிலிருந்து மைதானம் வரை

ராசிபுரம் பக்கம் ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கும் ஒரு பெண். ஒரு கால் சூம்பியது. குண்டு எறிவதில் ஆர்வம். அவர் மைதானத்துக்குப் போவதற்கு முன்னால் எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டும் என்று பாருங்கள்.

முதல் வாசல், தெரு. அரசுப் பதிவுகளில் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. வரவேற்றோம். சொல் போகலாம், ஊருக்கும் நம் தெருவுக்கும் இடையிலான தூரம் அப்படியேதான் இருக்கிறது. பேருந்து நிற்பது ஊரில். மைதானம் இருப்பது ஊரில். மழை பெய்தால் நம் தெருவில் ஊன்றுகோல் புதையும்.

இரண்டாவது வாசல், சான்றிதழ். சாதிச் சான்றிதழுக்கு ஒரு அலைச்சல். மாற்றுத்திறனாளி என்பதற்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இன்னொரு அலைச்சல். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், சதவீதம் குறிக்க ஒரு நாள். கூட வரும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும்.

மூன்றாவது வாசல், விடுதி. முன்பு ஆதிதிராவிடர் நல விடுதிகள் என்று இருந்தவை 2025 ஜூலை முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. அந்தப் பெண்ணுக்குத் தரைத்தளத்தில் அறை வேண்டும். கைப்பிடி வைத்த, மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்றாவது வேண்டும். மாடியில் அறை கொடுத்தால், அவர் பயிற்சிக்குப் போகும் முன்பே பாதிப் பலம் படிக்கட்டில் போய்விடும்.

நான்காவது வாசல், கல்லூரி விளையாட்டுத் துறை. "உனக்கு எதுக்கும்மா வெயில்ல சிரமம், நோட்டு எழுதிக்கோ" என்று பரிவோடு உட்கார வைப்பது நடக்கிறது. பரிவும் ஒரு தடைதான். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று தெரிந்த உடற்கல்வி இயக்குநர் இருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஐந்தாவது வாசல், கருவி. உட்கார்ந்து எறியும் பிரிவுகளுக்குத் தரையில் இறுக்கிக் கட்டிய எறி இருக்கை வேண்டும். ஓட்டத்துக்குப் பந்தயச் சக்கர நாற்காலி வேண்டும். இவற்றை ஒரு கூலிக் குடும்பம் வாங்க முடியாது. அரசோ கல்லூரியோ வாங்கி வைத்தால் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

இந்த ஐந்து வாசலையும் தாண்டி வந்தவரைத்தான் நாம் மைதானத்தில் பார்க்கிறோம். தாண்டாதவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்களைப் பற்றிச் செய்தியும் வருவதில்லை.

சட்டம் என்ன தருகிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை ஏற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களும், அரசு வேலையில் 4 சதவீத இடங்களும் உண்டு. அந்தச் சட்டத்தின் 30வது பிரிவு விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று அது சொல்கிறது. பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

இந்த ஒதுக்கீடு சாதிவாரி ஒதுக்கீட்டுக்குப் போட்டியாக வருவதில்லை. சாதிவாரி இடஒதுக்கீடு மேலிருந்து கீழாகப் போகும் நெடுக்குக் கோடு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீடு அந்தக் கோடுகளை எல்லாம் குறுக்கே வெட்டிப் போகும் படுக்கைக் கோடு. 1992 மண்டல் வழக்குத் தீர்ப்பு இதைத் தெளிவாக விளக்கியது. பட்டியல் சாதியைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஒருவர் தேர்வானால், அவர் பட்டியல் சாதிக் கணக்கில் வைக்கப்படுவார். ஆகவே நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் இரண்டு கட்டத்திலும் குறியிட வேண்டும். ஒன்றைக் குறித்தால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விளையாட விரும்பும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

தனித்துவ அடையாள அட்டை முதலில் வேண்டும். இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.

அட்டையில் உள்ள சதவீதமும் விளையாட்டுப் பிரிவும் ஒன்றல்ல. 40 சதவீதம் என்று அட்டை இருந்தும் ஒரு விளையாட்டுக்குத் தகுதி கிடைக்காமல் போகலாம். ஒரு விளையாட்டில் கிடைக்காதவருக்கு இன்னொன்றில் கிடைக்கவும் கூடும். தடகளத்தில் 'டி' என்பது ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும், 'எஃப்' என்பது எறிதலுக்கும். 11 முதல் 13 வரை பார்வைப் பாதிப்பு, 20 அறிவுசார் பாதிப்பு, 31 முதல் 38 வரை மூளை முடக்குவாதம், 40, 41 உயரக் குறைவு, 45 முதல் 47 வரை கை என்று எண்கள் போகும். தன் எண் எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பயிற்சி.

செவித்திறன் குறைந்தவர்கள் பாராலிம்பிக்கில் கலந்துகொள்வதில்லை. அவர்களுக்கென்று டெஃப்லிம்பிக்ஸ் தனியாக இருக்கிறது. 2022இல் பிரேசிலில் நடந்த அந்தப் போட்டியில் மதுரையின் ஜெர்லின் அனிகா பாட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மாவட்ட அளவில் தொடங்குவதால், முதல் போட்டியாக அதில் இறங்குவது நல்லது.

ஜெயித்தாலும் சாதி விடுவதில்லை

பதக்கம் வாங்கிவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்கு ஆசை காட்டக் கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து இறுதிப் போட்டிக்குப் போனபோது இணையத்தில் பலர் தேடியது அவருடைய சாதியை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாட்களில் இந்திய அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே உள்ள அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாக இருந்ததால்தான் தோல்வி என்று கத்தியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது ஒரு பதக்கத்தை அல்ல. களத்துக்குப் போகும் வழியைக் கேட்கிறோம். நம் மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளும் உடனே செய்யக்கூடியவை இவை. ஒவ்வொரு சமூகநீதி விடுதியிலும் தரைத்தளத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அறையும் கழிப்பறையும். ஒவ்வொரு கல்லூரியின் உடற்கல்வித் துறையிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் பட்டியலும், அவரவருக்குப் பொருந்தக்கூடிய பிரிவின் குறிப்பும். மாவட்ட விளையாட்டரங்கில் எறி இருக்கையும் பந்தயச் சக்கர நாற்காலியும் பொதுப் பயன்பாட்டுக்கு. நம் குடியிருப்புகளை ஒட்டி ஒரு திடல். அதற்குப் போக மழையிலும் நடக்கக்கூடிய பாதை.

இவற்றை விட முக்கியமாக ஒரு கணக்கு வேண்டும். நம் மாவட்டத்தின் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில், மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களில் எத்தனை நிரம்பின? நிரம்பியவற்றில் பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர்? அவர்களில் மாணவிகள் எத்தனை பேர்? ஒரு கல்லூரிக்கு ஒரு தகவல் உரிமை மனு போதும். பத்து ரூபாய்க் கட்டணம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பதிலையும் கையில் எடுத்துப் போகலாம்.

அடுத்த பாராலிம்பிக் 2028 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸில் நடக்கிறது. அதற்குள் நம் குடியிருப்புகளில் உள்ள எல்லோரும் அங்கே போய்விட முடியாது. ஆனால் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு பெண் தன் பிரிவின் எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். வகுப்பில் "கோட்டா" என்று யாராவது சிரித்தால், அவர் தலை குனிய வேண்டியதில்லை. எஸ்யு5 என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால், பாதி ஆடுகளத்தின் கணக்கை அவரே சொல்லிக்கொடுக்கட்டும்.